விஸ்கிக்கு மாறியும் எடை ஏன் குறையவில்லை?

ஒயிட்ஃபீல்டில் வேலை, வயது 36, உயரம் 172 சென்டிமீட்டர், எடை 88 கிலோ. ஐந்து மாதங்களாக இரவில் சோற்றை விட்டுவிட்டு ராகிக் களியோ இரண்டு சப்பாத்தியோ சாப்பிடுகிறீர்கள். வாரத்தில் ஆறு நாள் நடக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு மட்டும் நண்பர்களோடு நான்கு லார்ஜ் விஸ்கி, அதுவும் வெறும் சோடாவோடு. முதல் மாதம் மூன்று கிலோ இறங்கியது, அதன் பிறகு முள் அசையவில்லை. பீரில் மாவுச்சத்து இருக்கிறதென்று அதை விட்டு விஸ்கிக்கு வந்தீர்கள். இனி வோட்காவுக்கோ ஜின்னுக்கோ மாற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் கேள்வி எந்த மது என்பது. அதன் அடியில் இருக்கும் கேள்வி, சனிக்கிழமையை விடாமல் எடையைக் குறைக்க வழி உண்டா என்பது. முதல் கேள்விக்கு ஒரு வரி போதும்: மதுவின் வகையை மாற்றுவதால் சொல்லும்படியாக எதுவும் நடக்காது. மற்றதெல்லாம் இரண்டாவது கேள்விக்கான பதில்.

நான் பெங்களூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். தொடக்க ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் கல்லீரல் பிரிவில் கழிந்தன. இப்போது அல்சூரில் தனியாகப் பார்க்கிறேன். மருத்துவர் இல்லை, மருந்து பற்றிய கேள்விகளை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். என்னிடம் வருகிற தமிழ் ஐ.டி. ஊழியர்கள் பலருடைய கதையும் உங்கள் கதைதான். உணவுக் குறிப்பேட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நெல்லிக்காய்கூட விடுபட்டிருக்காது. சனிக்கிழமைப் பக்கம் காலியாக இருக்கும். கேட்டால் "அன்றைக்கு வெளியே சாப்பிட்டேன் மேடம்" என்பார்கள். நீங்கள் வெளிப்படையாக எழுதியிருப்பதால் வேலை பாதி முடிந்தது.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் 4, கொழுப்பு 9. நம் ஊரில் விற்கும் விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா, ஜின் பெரும்பாலானவற்றில் பாட்டிலின் மேல் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அது கன அளவு. எடையாக மாற்றினால் 60 மில்லி லார்ஜ் ஒன்றில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால், அதாவது 140 கலோரி. கர்நாடகத்தில் பலர் கேட்டு வாங்கும் நைன்டி (90 மில்லி) 210 கலோரி, குவார்ட்டர் (180 மில்லி) 425. உங்கள் நான்கு லார்ஜ் 80 கிராம் ஆல்கஹால், 565 கலோரி. இதில் மாவுச்சத்து பூஜ்யம் என்பது உண்மைதான். ஆனால் கலோரி பூஜ்யம் இல்லை. சத்து விவரப் பட்டியல் மதுப் பாட்டில்களில் இருப்பதில்லை. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற நம் ஆட்கள் இங்கே மட்டும் கண்ணை மூடிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, மதுக்கூடத்தில் ஊற்றுபவர் அளவுக் குவளை வைத்திருப்பார். வீட்டு மொட்டைமாடியில் நண்பர் ஊற்றும் லார்ஜ் அறுபதில் நின்று நான் கண்டதில்லை.

565 கலோரி மட்டும்தான் என்றால் ஐந்து மாத உழைப்பை அது தடுத்திருக்காது. அந்த ஆல்கஹால் உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கொழுப்பைச் சேர்த்து வைக்க வயிறும் இடுப்பும் இருக்கின்றன. மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கக் கல்லீரலும் தசையும் இருக்கின்றன. ஆல்கஹாலுக்குக் கிடங்கு கிடையாது. அது நஞ்சும்கூட. எனவே உடல் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு அதை முதலில் எரித்துத் தீர்க்கிறது. சில்க் போர்டு சந்திப்பில் அமைச்சரின் வண்டி வரிசை போவதற்காக நம்மையெல்லாம் நிறுத்தி வைக்கிறார்களே, அதுபோல. கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடாக்கி, அதை அசிட்டேட்டாக்கி ரத்தத்தில் விடுகிறது. தசைகளும் மற்ற உறுப்புகளும் அந்த அசிட்டேட்டை எரிக்கத் தொடங்குகின்றன. அசிட்டேட் கையில் இருக்கும்போது கொழுப்பை எரிக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.

பலரும் நினைப்பதுபோல விஸ்கி நேராகத் தொப்பையாக மாறுவதில்லை. 1999இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எட்டு ஆண்களுக்கு 24 கிராம் ஆல்கஹால் கொடுத்து அளந்து பார்த்தார்கள். உங்கள் லார்ஜ் ஒன்றைவிடச் சற்றே அதிகம். அதில் கொழுப்பாக மாறியது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அடுத்த சில மணி நேரங்களில் உடல் கொழுப்பை எரிக்கும் வேகம் 73 சதவீதம் விழுந்தது. அதற்கு முன்பே, 1992இல், சுவிட்சர்லாந்தில் ஆட்களை ஒரு நாள் முழுக்க மூடிய அறைக்குள் வைத்து அவர்கள் மூச்சுக் காற்றை அளந்திருக்கிறார்கள். அங்கே கொடுத்த அளவு உங்கள் சனிக்கிழமை அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். 24 மணி நேரத்தில் எரிந்த கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். ஆனாலும் இரண்டும் காட்டும் திசை ஒன்றே; உடலின் வேதியியலும் அதையேதான் சொல்கிறது.

இதை உங்கள் இரவின் மேல் வைத்துப் பாருங்கள். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத் தீர்க்கும். ஆளுக்கு ஆள் மாறும். 80 கிராம் தீர எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. எட்டரை மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை அந்த வேலைதான். சாப்பிடாமல் உறங்கும் இரவு நேரம்தான் உடல் தன் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும் நேரம். சனிக்கிழமை அந்த நேரம் போய்விடுகிறது. மோர் குடித்தாலும் குளித்தாலும் குத்தாட்டம் போட்டாலும் கல்லீரலின் வேகம் கூடாது.

அந்த இரவில் குவளையோடு தட்டும் வருகிறது. என் அனுபவத்தில் எடை நிற்பதற்குக் குவளையைவிடத் தட்டுக்குத்தான் பங்கு அதிகம். மசாலாவும் கறிவேப்பிலையும் போட்டுப் புரட்டிய காங்கிரஸ் கடலையை ஒருவர் பேச்சுவாக்கில் ஐம்பது கிராம் கொறித்துவிடுவார், 300 கலோரி. சிவப்பாகப் பொரித்த சிக்கன் கபாப் ஒரு தட்டு 400, 450 இருக்கும் என்பது என் மதிப்பீடு. எண்ணெய் எவ்வளவு குடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோபி மஞ்சூரியனைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கிறவர்கள் உண்டு. அது மாவும் எண்ணெயும். கடைசியில் தொன்னை பிரியாணி, 700 முதல் 900 வரை. சில கூட்டங்கள் அத்தோடும் நிற்பதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஹொஸ்கோட்டே பிரியாணிக்கு வரிசையில் போய் நிற்பார்கள். (யார் ஓட்டுகிறார்கள் என்று நான் கேட்பேன். பதில் வராது.)

நீங்கள் வார நாட்களில் தேவையைவிடத் தினமும் 400 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளுக்கு 2,400. சனிக்கிழமை இரவு மதுவும் கடலையும் கபாபும் பிரியாணியும் சேர்ந்து 2,100. வழக்கமான இரவுச் சாப்பாட்டின் 500ஐக் கழித்தால் 1,600 கூடுதல். ஞாயிறு பத்து மணிக்கு எழுந்து, நடைக்குப் போகாமல், நெய் மசாலா தோசையும் மதியம் மட்டன் குழம்பும் என்றால் இன்னொரு 600. ஆக 2,200 போய்விட்டது. வாரம் முழுவதும் வாயைக் கட்டியதில் மிச்சம் 200. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில், இந்த வேகத்தில் ஒரு கிலோ குறைய ஒன்பது மாதம் ஆகும். இந்த 7,700 துல்லியமான விதி இல்லை. எடை குறையக் குறைய உடல் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. ஆனால் உங்கள் முள் ஏன் நிற்கிறது என்பதற்கு இந்தத் தோராயமே போதும். முதல் மாதம் இறங்கிய மூன்று கிலோவில் ஒரு பகுதி தண்ணீர். மாவுச்சத்தைக் குறைத்தால் கிளைகோஜன் குறையும். அது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மாதத்தோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம்.

இதைப் படித்ததும் புத்திசாலிகள் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்: சனிக்கிழமை பகல் முழுதும் பட்டினி கிடந்து இரவுக்காகக் கலோரியைச் சேமிப்பது. தயவுசெய்து வேண்டாம். வெறும் வயிற்றில் ஆல்கஹால் விரைவாகச் சிறுகுடலுக்குப் போய் ரத்தத்தில் சட்டென்று ஏறுகிறது. ஏறியதும் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, பசி கிளறும். மது உள்ளே போனால் பசியைத் தூண்டும் மூளை நரம்பணுக்கள் கிளர்ச்சி அடைவதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதரில் அதே வழியில்தான் நடக்கிறதா என்பது இன்னும் தீர்க்கப்படவில்லை. ஆனால் குடித்த கலோரிக்கு ஈடாக மனிதர்கள் சாப்பாட்டைக் குறைப்பதில்லை, பெரும்பாலும் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது மனித ஆய்வுகளிலேயே திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். இரண்டு, "போதும்" என்று சொல்லும் புத்தி தளர்ந்துவிடும். பகலெல்லாம் பட்டினி கிடந்த ஒருவர் மூன்றாவது லார்ஜுக்குப் பிறகு வெள்ளரிக்காய் கொண்டுவரச் சொல்லமாட்டார். கோலா கலப்பவர்களுக்கும் ஒரு சொல்: 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை இல்லாத கோலாவைக் கலந்தால் அந்தக் கலோரி மிச்சம்தான், ஆனால் அது வயிற்றிலிருந்து வேகமாக இறங்கிவிடுவதால் போதை அதிகமாக ஏறுகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. டானிக் வாட்டர் கசப்பாக இருக்கிறது என்பதால் ஏமாற வேண்டாம். அதிலும் சர்க்கரை உண்டு. உங்கள் சோடாவில் குறை எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையை எல்லோரும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும். ஆனால் இரவின் பின்பாதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டை கூடும். உங்கள் எடையில் உறக்கத்தின்போது மூச்சு அடைபடும் தொந்தரவு ஏற்கெனவே இருக்கவும் கூடும், வீட்டில் பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தூக்கம் குறைந்த மறுநாள் மனிதர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு அந்தக் கூடுதலை நாளுக்குச் சராசரியாக 385 கலோரி என்று கணித்தது. நான் மேலே ஞாயிறுக்குப் போட்ட 600 மிகை இல்லை என்பது இப்போது தெரியும். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவராக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2014இல் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனையில், பயிற்சிக்குப் பிறகு நிறையக் குடித்தவர்களின் தசையில் புதுப் புரதம் உருவாகும் வேகம், போதிய புரதம் கொடுத்தும்கூட, 24 சதவீதம் குறைந்தது. அங்கே கொடுத்த அளவு உங்களுடையதைவிட அதிகம். அதனால் அந்த எண்ணை உங்களுக்கு அப்படியே பொருத்தமாட்டேன்; சனிக்கிழமை மாலை ஜிம்முக்குப் போய்விட்டு நேராக மதுக்கூடத்துக்குப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும் என்ற அளவில் சொல்கிறேன்.

இப்போது பீருக்கு வருகிறேன், பாவம் அதன் மேல்தான் பழி முழுவதும். 650 மில்லி சாதாரண பீர், 5 சதவீதம் என்றால், 25 கிராம் ஆல்கஹால். மாவுச்சத்தையும் சேர்த்து 260 கலோரி அளவில் இருக்கும். 8 சதவீதம் வரை போகும் ஸ்ட்ராங் பீர் 350ஐத் தாண்டும். இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் அங்கேயே காய்ச்சி ஊற்றும் கோதுமை பீர் அரை லிட்டர் 220 பக்கம். ஆக, ஒரு பாட்டில் சாதாரண பீரும் இரண்டு லார்ஜ் விஸ்கியும் கலோரியில் ஏறக்குறைய ஒன்று. நீங்கள் இரண்டு பாட்டில் பீரிலிருந்து நான்கு லார்ஜுக்கு வந்திருந்தால் கலோரி மிச்சமாகவில்லை, ஆல்கஹால் 50 கிராமிலிருந்து 80க்கு ஏறியிருக்கிறது. கொழுப்பு எரிவதைத் தடுப்பது ஆல்கஹால்தான் என்று மேலே சொன்னேன். இந்த மாற்றம் உங்களுக்கு நன்மை செய்யவில்லை என்பதே என் கருத்து. பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்விலும், நாளுக்கு 30 கிராமுக்கு மேல் குடித்தவர்களின் எடை ஏறியது. பீரா, விஸ்கியா என்பதால் வேறுபாடு இல்லை. தொப்பை பீருக்கே உரியது என்பதற்கும் வலுவான சான்று இல்லை. ஆண்களுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றில்தான் சேரும், நம் நாட்டவருக்கு இன்னும் சீக்கிரமாக.

உறுதி இல்லாத பகுதிக்கு வருகிறேன். அளவாகக் குடிப்பவர்களை மக்கள்தொகை ஆய்வுகளில் பார்த்தால் குடிக்காதவர்களைவிட எடை கூடியிருப்பதாகத் தெளிவாகத் தெரிவதில்லை; சில ஆய்வுகளில் பெண்களில் எடை குறைவாகக்கூடத் தெரிகிறது. இதைக் காட்டி மது எடையைக் கூட்டாது என்று வாதிடுபவர்கள் உண்டு. வாரம் இரண்டு கோப்பை ஒயின் குடிக்கிற வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் நல்ல வருமானமும் உடற்பயிற்சியும் உள்ளவர். அவரது எடைக்கு ஒயினா காரணம், வாழ்க்கையா காரணம் என்று இந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. எடையைக் குறைக்க முயல்பவர்களையே பார்த்த ஒரு பெரிய ஆய்வு அமெரிக்காவில் உண்டு, லுக் அஹெட் என்று பெயர். கலந்துகொண்டவர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள். அதில் தீவிரப் பயிற்சி பெற்ற பிரிவில், நான்கு ஆண்டுகளும் குடிக்காமல் இருந்தவர்கள் இடையில் குடித்தவர்களைவிட உடல் எடையில் 1.6 சதவீதம் கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். உங்கள் எடைக்கு ஒன்றரை கிலோ அளவு. பெரிய எண் இல்லை, ஆனால் எடையைத் தக்கவைக்க முடியாமல் போராடும் ஆட்களுக்குச் சிறிய எண்ணும் இல்லை.

உங்கள் அலுவலக நண்பர் உங்களைவிட அதிகம் குடித்தும் ஒல்லியாக இருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அவர் வாரத்தின் மற்ற வேளைகளில் என்ன சாப்பிடுகிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஊரில் தினமும் குடித்துக் குச்சியாக இருக்கும் மாமாக்களைப் பற்றி எனக்குத் தெரியும், கல்லீரல் பிரிவில் அவர்களைத்தான் பார்த்தேன். நாள்தோறும் மிகுதியாகக் குடிக்கும்போது கல்லீரல் இன்னொரு பாதையில் ஆல்கஹாலை எரிக்கத் தொடங்குகிறது. அந்தப் பாதையில் வெப்பம்தான் வரும், பயன்படும் ஆற்றல் வராது. சாப்பாட்டின் இடத்தை மது பிடித்துக்கொள்ளும். தசை கரையும். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருக்கும். அந்த வயிற்றில் இருப்பது பல சமயம் நீர். தராசு குறைவாகக் காட்டும் அந்த உடல் மெலிந்த உடல் இல்லை, சத்தற்ற உடல்.

இங்கே கல்லீரலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. உங்கள் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 30க்கு அருகில். இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இந்த வயதில், இந்த அளவில், கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது சாதாரணம். வலியோ வேறு அறிகுறியோ இராது. ஸ்காட்லாந்தில் 9,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2010இல் வந்த ஆய்வு, பருமனும் மதுவும் ஒருவரிடம் சேரும்போது கல்லீரல் நோயின் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது என்று காட்டியது. எனவே வயிற்று ஸ்கேன், கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தால் கீழே நான் சொல்லப்போகும் இடைவழி உங்களுக்குப் பொருந்தாது. அப்போது என் பதில் நிறுத்திவிடுங்கள் என்பதுதான். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் குடித்தால் இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும், ஏனெனில் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் கல்லீரலின் வேலையை ஆல்கஹால் தடுக்கிறது. அந்த நிலையும் போதை போலவே தெரியும் என்பதால் கூட இருப்பவர்கள் கவனிக்கத் தவறுவார்கள். எடை குறைக்க செமாக்ளுடைடு ஊசி போடுபவர்களுக்குக் குடிக்கும் ஆசையே குறைகிறது என்று இப்போது பேசுகிறார்கள். 2025இல் 48 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை அப்படித்தான் காட்டுகிறது. 48 பேரை வைத்து நான் யாருக்கும் எதுவும் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

பரிசோதனைகள் சரியாக இருந்தால் நான் உங்களுக்குச் சொல்வது இது. முதலில் ஆறு வாரம் முழுவதுமாக நிறுத்திப் பாருங்கள். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, அளவெடுப்பதற்காக. வேறு எதையும் மாற்றாமல் அதை மட்டும் எடுத்தால், எடையைத் தடுப்பது சனிக்கிழமையா, அல்லது வார நாட்களில் நீங்கள் கவனிக்காத ஒன்றா என்று தெரிந்துவிடும். ஞாயிறு காலைத் தராசை நம்பாதீர்கள்: மது சிறுநீரைக் கூட்டுவதால் அன்று எடை குறைந்தாற்போல் தெரியும், கபாபின் உப்பு தண்ணீரைப் பிடித்துவைப்பதால் திங்கள் ஏறினாற்போல் தெரியும். வாரச் சராசரியைக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்துகொண்டு வாருங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு திரும்பத் தொடங்குவதானால் இரண்டு லார்ஜோடு நிற்க வேண்டும், அதுவும் எல்லாச் சனிக்கிழமையும் அல்ல. போகுமுன் வீட்டில் சாப்பிட்டுவிடுங்கள். களியும் கீரைக் குழம்பும் இரண்டு முட்டையும் போதும். அங்கே போய்க் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். தந்தூரிக் கோழி, அவித்த முட்டை, கோசம்பரி (பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் கலந்த சாலட்) கிடைக்கிற இடத்தில் அவற்றையே கேளுங்கள். கடலையைப் பொது கிண்ணத்தில் எடுக்காமல் ஒரு கை அள்ளி உங்கள் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அது தீர்ந்தால் தீர்ந்தது. பத்து மணிக்குள் கடைசிக் குவளை. ஞாயிறு காலை கப்பன் பார்க்கில் நடக்க யாரையாவது வரச் சொல்லி வைத்துவிடுங்கள். தனியாகப் போவதாகச் சொன்னவர்கள் போனதில்லை. நண்பர்களின் வற்புறுத்தலுக்கு நான் கண்ட ஒரே மருந்து, கையில் எப்போதும் நிறைந்த குவளை இருப்பது. அதில் சோடாவும் எலுமிச்சையும் மட்டும் இருப்பதை யாரும் மோந்து பார்க்கப்போவதில்லை. எடைக்கு இவ்வளவு போதும். புற்றுநோயைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் சொல்லிவிட்டது. இரண்டு லார்ஜ் நல்லது என்று நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஒரு விஷயத்தைக் கேட்காமல் விட்டால் என் வேலையை நான் செய்யாதவள் ஆவேன். நான்கு லார்ஜ், வாரம் ஒரு நாள் என்று எழுதியிருப்பது அப்படியே உண்மை என்றால் மேலே சொன்னபடி திடீரென்று நிறுத்துவதில் உடலுக்கு ஆபத்து இல்லை. நாள்தோறும் குடிக்கிறவர், அல்லது காலையில் கை நடுங்கி ஒரு வாய் குடித்தால்தான் சரியாகிறது என்கிறவர், இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம்; உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, ஞாயிறு காலை வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் முந்தைய இரவின் கொழுப்பு கரையுமா என்று கேட்டிருந்தீர்கள். கரையாது. ஒரு மேசைக்கரண்டித் தேன் 60 கலோரி. தண்ணீர் மட்டும் குடியுங்கள், தாகத்துக்கு அதுதான் வேண்டும்.